தாயின் மனமும் குழந்தையின் எடையும்

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1944 நவம்பரில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்கள் பட்டினிச் சோதனை ஒன்றுக்குத் தங்களை ஒப்புக்கொடுத்தார்கள். எல்லாரும் மனசாட்சியின் பேரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர்கள். உடலும் மனமும் திடமாக இருக்கின்றனவா என்று சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். உடலியல் அறிஞர் ஆன்செல் கீஸ் முதல் 12 வாரம் அவர்களுக்கு வயிறார உணவு கொடுத்தார். அடுத்த 24 வாரம் அதை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தார். எடை கால்வாசி குறைய வேண்டும் என்பது திட்டம், அப்படியே குறைந்தது. கூடவே மனமும் மாறிப்போனது. கலகலப்பாகப் பழகியவர்கள் ஒதுங்கினார்கள், எரிந்து விழுந்தார்கள், துயரத்தில் மூழ்கினார்கள், சாப்பாட்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஆர்வம் இழந்தார்கள். மறுபடி உணவு கொடுத்தபோது வைட்டமின் மாத்திரைகளால் பெரிய பலன் கிடைக்கவில்லை. போதுமான கலோரி சேர்ந்த பிறகே உடல் தேறியது. மனம் தெளியவும் நாளாயிற்று. 1950இல் வெளியான இரண்டு பெரிய தொகுதிகளில் கீஸும் அவருடைய குழுவினரும் இதைப் பதிவு செய்தார்கள். உணவு குறைந்தால் மனம் சோரும் என்பதற்கு இன்றும் எடுத்துக்காட்டப்படும் சோதனை இதுதான். இதில் பங்கேற்றவர்களில் ஒருவரும் பெண் இல்லை. ஒருவரும் பிள்ளை சுமக்கவில்லை, பாலூட்டவில்லை, குழந்தையின் அழுகைக்காக நடுராத்திரியில் எழுந்திருக்கவில்லை.

இந்த மூன்றையும் செய்கிற உடலின் தேவை என்ன? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, கர்ப்பிணிக்கு வழக்கமான தேவைக்கு மேல் நாளொன்றுக்கு 350 கிலோகலோரி வேண்டும். பாலூட்டும் முதல் ஆறு மாதங்களில் அது 600 ஆகிறது. அதாவது தாயின் உடலுக்குச் செலவு அதிகமாவது குழந்தை பிறந்த பிறகு. வீட்டின் கவனமோ அந்த நேரத்தில்தான் தாயிடமிருந்து குழந்தையிடம் போகிறது. அவள் இந்தச் செலவைத் தொடங்கும் இருப்பும் குறைவு. 2005-06ஆம் ஆண்டு தேசியக் குடும்பநல ஆய்வின் தரவுகளை ஆராய்ந்த டயான் காஃபி, இந்தியாவில் கர்ப்பம் தரிக்கப்போகும் பெண்களில் 42.2 சதவீதத்தினர் எடை குறைந்தவர்கள் என்று மதிப்பிட்டார். 2019-21 ஆய்வில் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. இன்னொரு எண், வேறொரு துறையிலிருந்து: 20,043 இந்தியப் பெண்களை உள்ளடக்கிய 38 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளிவந்த கட்டுரை, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு சுமார் 22 சதவீதத்தினருக்கு இருப்பதாகக் கணக்கிட்டது. ரத்தசோகையை எண்ணுவது ஊட்டச்சத்துத் துறை. மனச்சோர்வை எண்ணுவது மனநலத் துறை. எண்ணப்படுகிறவள் ஒரே பெண். இந்த இரண்டு கணக்குகளையும் தனித்தனியே வைத்திருக்கும் வரை இரண்டையும் சரிசெய்ய முடியாது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

முதலில் உடலிலிருந்து மனத்துக்குப் போகும் வழியைப் பார்ப்போம். இரும்புச்சத்து என்றதும் நமக்கு ரத்தம்தான் நினைவுக்கு வருகிறது. மூளைக்கும் அது வேண்டும். டோபமைன், செரோடோனின் ஆகிய நரம்புவேதிப் பொருள்களை உண்டாக்கும் நொதிகள் இரும்பு இல்லாமல் வேலை செய்யாது. தைராய்டு ஹார்மோனை உருவாக்கும் நொதிக்கும் இரும்பு தேவை. ஆகவே இரும்பு குறைந்த தாய்க்கு வரும் களைப்பும் கவனச் சிதறலும் பிராணவாயுக் குறைவினால் மட்டும் வருபவை என்று சொல்லிவிட முடியாது. இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வொன்று தென்னாப்பிரிக்காவில் நடந்தது. ஜான் பியர்டும் அவருடைய குழுவினரும், குழந்தை பெற்று 10 வாரம் ஆன 81 தாய்மார்களை ஒன்பதாவது மாதம் வரை கவனித்து, 2005இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ரத்தசோகை உள்ள தாய்மார்களில் ஒரு பிரிவினருக்கு இரும்பு மாத்திரை, இன்னொரு பிரிவினருக்கு இரும்பு இல்லாத மாத்திரை. இரும்பு கிடைத்தவர்களின் மனச்சோர்வு, மனஅழுத்த அளவுகள் 25 சதவீதம் மேம்பட்டன. மற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. ஆய்வு சிறியது, ஆனால் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்தது. ஆகையால், சோர்ந்திருந்த பெண்கள் சரியாகச் சாப்பிடாததால்தான் இரும்பு குறைந்தது என்று அதைத் திருப்பிப் படிக்க இடமில்லை.

இதிலிருந்து, சத்து மாத்திரை கொடுத்தால் மனச்சோர்வு போய்விடும் என்ற முடிவுக்குத் தாவுகிறவர்கள் உண்டு. மீன் எண்ணெயின் கதை அவர்களுக்கு எச்சரிக்கை. மீன் அதிகம் உண்ணும் நாடுகளில் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு குறைவு என்று ஒப்பீடுகள் சொன்னதால், ஒமேகா-3 கொழுப்பு அமிலத்தின் மீது பெரிய நம்பிக்கை பிறந்தது. ஆஸ்திரேலியாவில் 2,399 கர்ப்பிணிகளிடம் அது சோதிக்கப்பட்டது. கர்ப்பத்தின் பிற்பாதி முழுவதும் ஒரு பிரிவினருக்கு டிஹெச்ஏ என்ற ஒமேகா-3 அமிலத்தை நாளுக்கு 800 மில்லிகிராம் கொடுத்தார்கள். 2010இல் வந்த முடிவு: மனச்சோர்வில் வித்தியாசம் இல்லை. இரண்டு சோதனைகளையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் புரியும். இரும்பு உதவியது இரும்பு குறைந்தவர்களுக்கு. போதிய சத்துள்ள உடலில் இன்னும் கொஞ்சம் சத்தை ஏற்றினால் மனம் தெளிவதில்லை. ஊட்டச்சத்து மனநலத்துக்கான மருந்தாகச் செயல்படுகிறது என்பதைவிட, ஊட்டக்குறை மனநலத்தைக் கெடுக்கிறது என்பதே சான்றுகள் தாங்குகிற கூற்று.

சத்து குறைவது மட்டுமே சிக்கல் என்றும் இல்லை. கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. குழந்தைக்குக் குளுக்கோஸ் தட்டாமல் போய்ச் சேர உடல் செய்யும் ஏற்பாடு அது. அதைச் சமாளிக்கும் அளவுக்கு இன்சுலின் சுரக்காதபோது கர்ப்பகால நீரிழிவு வருகிறது. இந்த நோய் உள்ள பெண்களிடம் மனச்சோர்வு கூடுதலாகக் காணப்படுவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. எது முதலில் வருகிறது என்று பிரித்துச் சொல்வது கடினம். அழற்சியும் கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோனும் இரண்டுக்கும் பொதுவானவை. நோயைப் பற்றிய பயம், ஊசி, உணவுக் கட்டுப்பாடு, குழந்தைக்கு என்னாகுமோ என்ற கவலை இவையும் சேர்ந்துகொள்கின்றன. சோர்ந்த பெண்ணால் அளவு பார்த்துச் சாப்பிடவும் நடைப்பயிற்சி செய்யவும் முடியாதபோது சர்க்கரை மேலும் ஏறுகிறது. வளர்சிதை மாற்றமும் மனநிலையும் இங்கே ஒன்றையொன்று மோசமாக்குகின்றன. சர்க்கரைக்கு மட்டும் மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பினால் பாதி நோய் வீட்டுக்குத் திரும்பிப் போகிறது.

இனி மனத்திலிருந்து உடலுக்கு வருவோம்; இந்தமுறை குழந்தையின் உடலுக்கு. இத்துறையின் வலுவான ஆதாரம் தெற்காசியாவிலிருந்து வந்தது. பாகிஸ்தானின் ராவல்பிண்டிக் கிராமங்களில் மனநல மருத்துவர் ஆத்திஃப் ரஹ்மான், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் மனச்சோர்வு கொண்டிருந்த 160 பெண்களையும் இல்லாத 160 பெண்களையும் தேர்ந்தெடுத்து, அவர்களுடைய குழந்தைகளை ஓராண்டு கவனித்தார். 2004இல் வெளியான முடிவின்படி, சோர்ந்த தாய்மார்களின் குழந்தைகள் ஆறு மாதத்தில் எடைக்குறைவோடு இருக்கும் வாய்ப்பு நான்கு மடங்கு. ஒரு வயதில் 2.6 மடங்கு. அடிக்கடி வயிற்றுப்போக்கு வரும் வாய்ப்பும் இரண்டு மடங்குக்கு மேல். கோவாவில் விக்ரம் பட்டேலின் குழு செய்த ஆய்விலும் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு, குழந்தையின் ஆறாம் மாத எடையையும் உயரத்தையும் பாதித்தது. வேலூர் மாவட்டம் கணியம்பாடி வட்டாரத்தில் ஊட்டக்குறை உள்ள குழந்தைகள் 72 பேரையும் நன்றாக வளரும் குழந்தைகள் 72 பேரையும் ஒப்பிட்ட ஆய்வும் அதையே கண்டது. 11 நாடுகளைச் சேர்ந்த 13,923 தாய்-சேய் இணைகளை உள்ளடக்கிய 17 ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளிவந்த பகுப்பாய்வில், தாய்க்கு மனச்சோர்வு இருந்தால் குழந்தைக்கு எடைக்குறைவு ஏற்படும் சாத்தியம் 1.5 மடங்கும் உயரம் குன்றும் சாத்தியம் 1.4 மடங்கும் ஆகிறது. இதன் வழிகள் மர்மமானவை அல்ல. சோர்ந்த தாய் சீக்கிரமே பாலூட்டலை நிறுத்திவிடலாம். குழந்தை பசிக்கு அழுகிறதா, தூக்கத்துக்கு அழுகிறதா என்று பிரித்தறியும் பொறுமை அவளிடம் மிச்சமிருப்பதில்லை. இணை உணவு ஊட்ட எடுக்கும் அரைமணி நேரம் மலையாகத் தெரிகிறது. தடுப்பூசி நாள் தவறுகிறது; காய்ச்சல் வந்தால் மருத்துவமனைக்குக் கிளம்பத் தாமதமாகிறது.

இதற்கு எழும் முதல் ஆட்சேபம் நியாயமானது. ஏழ்மை தாயையும் சோர வைக்கிறது, குழந்தையையும் மெலிய வைக்கிறது. இரண்டும் சேர்ந்து தென்படுவதால் ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது. ராவல்பிண்டி ஆய்வு வருமானத்தையும் பிற குடும்ப நிலைகளையும் கணக்கில் எடுத்த பிறகும் தொடர்பு நிலைத்தது. சோர்வு நீடித்த தாய்மார்களின் குழந்தைகளே அதிகம் பாதிக்கப்பட்டார்கள் என்பதும் காரணத் தொடர்பின் பக்கமே சாய்கிறது. ஆனாலும் எல்லா ஊரிலும் இப்படி இல்லை. நான்கு நாடுகளில் ஒரே முறையில் நடந்த ஓர் ஒப்பீட்டில், ஆந்திரப் பிரதேசத்திலும் வியட்நாமிலும் தாயின் மனநலத்துக்கும் குழந்தையின் வளர்ச்சிக்கும் தொடர்பு தெரிந்தது. பெருவிலும் எத்தியோப்பியாவிலும் தெளிவாகத் தெரியவில்லை. இந்த முரண்பாட்டை மறைக்க வேண்டியதில்லை, அது நமக்குப் பாடம் சொல்கிறது. தாயின் சோர்வு குழந்தையின் தட்டை எட்டுமா என்பதை இடையில் இருக்கும் வீடும் ஊரும் தீர்மானிக்கின்றன. குழந்தையை வேறு கைகளும் தூக்கி ஊட்டும் வீட்டில் ஒருத்தியின் தளர்ச்சி குழந்தையை அதிகம் தொடாது. எல்லாப் பொறுப்பும் ஒருத்தி தலையில் விழும் வீட்டில் அது முழுதாகக் குழந்தைமேல் இறங்கும்.

இரண்டாவது ஆட்சேபம் பெண்களின் பக்கம் நின்று எழுப்பப்படுவது. குழந்தை மெலிந்ததற்குத் தாயின் அறியாமையைக் குறை சொன்னார்கள், அவள் சுத்தத்தைக் குறை சொன்னார்கள். இப்போது அவள் மனத்தையும் குறை சொல்லப் போகிறீர்களா? இந்த ஆபத்து மெய்யானது. சான்றுகளை முழுதாகப் படிப்பதுதான் அதற்கு மாற்று. தமிழ்நாட்டின் கிராமப்புறத்தில் 359 பெண்களைக் கர்ப்பத்தின் இறுதி மாதங்களிலிருந்து கவனித்து 2002இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 11 சதவீதத்தினருக்குப் பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு வந்தது. யாருக்கு வந்தது? வருமானம் குறைந்தவர்களுக்கு, ஆண் பிள்ளை எதிர்பார்க்கப்பட்டுப் பெண் பிள்ளை பெற்றவர்களுக்கு, மாமியாரோடும் பெற்றோரோடும் உறவு கசந்தவர்களுக்கு, கர்ப்ப காலத்தில் துன்ப நிகழ்வுகளைச் சந்தித்தவர்களுக்கு, கூடமாட உதவ ஆள் இல்லாதவர்களுக்கு. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவதே பாதுகாப்பு என்று நாம் நினைக்கிறோம். ஆனால் பெற்றோரோடு உள்ள மனக்கசப்பும் இந்தப் பட்டியலில் இருக்கிறது. கோவா ஆய்விலும் ஏழ்மையும் கணவனோடு உள்ள பிணக்கும் பெண் பிள்ளை பிறந்ததும் காரணங்களாக வந்தன. பட்டியலில் இருப்பவற்றுள் எது தாயின் குற்றம்? அவளைச் சுற்றியிருப்பவர்கள் செய்ததும் செய்யத் தவறியதுமே அவளுடைய நோயாக வெளிப்படுகின்றன. மனச்சோர்வைக் கணக்கில் எடுப்பது பழியைத் தாயிடமிருந்து குடும்பத்துக்கு நகர்த்துகிறது.

மூன்றாவது ஆட்சேபம்தான் கடினமானது. அது எதிர்முகாமிலிருந்து வராமல் இத்துறையின் தலைசிறந்த சோதனையிலிருந்தே வருகிறது. மனச்சோர்வு குழந்தையை மெலிய வைக்கிறது என்றால், அதைக் குணப்படுத்தினால் குழந்தை வளர வேண்டும். ரஹ்மான் குழு இதைச் செய்து பார்த்தது. வீடுவீடாகச் செல்லும் கிராம சுகாதாரப் பணிப்பெண்களுக்குச் சிறு பயிற்சி கொடுத்து, எதிர்மறை எண்ணங்களை அடையாளம் கண்டு மாற்றும் உரையாடல் முறை ஒன்றைக் கற்பித்தார்கள். கர்ப்பத்தின் கடைசி மாதத்தில் தொடங்கி 16 சந்திப்புகள். ஒப்பீட்டுப் பகுதிகளிலும் அதே எண்ணிக்கையில் வீட்டுக்குப் போனார்கள். அந்த உரையாடல் முறை மட்டும் இல்லை. 2008இல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் வெளியிட்ட முடிவு வியப்பூட்டியது. ஆறாவது மாதத்தில் ஒப்பீட்டுப் பகுதிகளில் 53 சதவீதத்தினர் இன்னும் கடுமையான சோர்வில் இருந்தார்கள்; சிகிச்சைப் பகுதிகளில் 23 சதவீதம் மட்டுமே. மனநல மருத்துவர் யாரும் வீட்டுக்கு வராமல் கிடைத்த பலன் இது. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைந்தது, தடுப்பூசிகள் முழுமையாகப் போடப்பட்டன, தாயும் தந்தையும் குழந்தையோடு விளையாடும் நேரம் கூடியது. ஆனால் எடையிலும் உயரத்திலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அதே குழந்தைகளை ஏழு வயதில் மறுபடி பார்த்தபோதும் உடல்வளர்ச்சியிலும் அறிவுத்திறனிலும் வேறுபாடு தெரியவில்லை.

இந்த முடிவைக் காட்டி, தாயின் மனநலத்தில் பணம் போடுவது ஊட்டச்சத்துத் திட்டத்துக்கு உதவாது என்று சொல்லலாம். அப்படிச் சொல்வதில் இரண்டு பிழைகள் உள்ளன. முதலாவது, குழந்தையின் உயரம் பிறப்பதற்கு முன்பிருந்தே பல காரணங்களால் தீர்மானிக்கப்படுகிறது. ஒன்றை மட்டும் சரிசெய்து அதை நகர்த்துவது அரிது. வங்கதேசத்திலும் கென்யாவிலும் கழிப்பறை, சுத்தமான தண்ணீர், கைகழுவல் ஆகியவற்றைக் கொடுத்துச் சோதித்த பெரிய ஆய்வுகளின் முடிவுகள் 2018இல் வந்தபோது, அவற்றாலும் குழந்தைகளின் உயரம் கூடவில்லை என்று தெரிந்தது. அதனால் கிராமங்களுக்குச் சுத்தமான தண்ணீர் வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. இரண்டாவது பிழை இன்னும் ஆழமானது. தாய் தேறினாள் என்பதே ஒரு பலன். அந்தப் பலன் குழந்தையின் சென்டிமீட்டரில் வந்து நிரூபணமானால்தான் செல்லும் என்று கேட்பது, அவளை ஒரு குழாயாக நினைக்கும் பழக்கம்: இந்தப் பக்கம் சத்து ஊற்றினால் அந்தப் பக்கம் குழந்தை வளர வேண்டும். மாரடைப்பு வந்த ஆணுக்குச் சிகிச்சை அளிக்கும்போது அவருடைய பிள்ளையின் எடை கூடுமா என்று யாரும் கேட்பதில்லை. உண்மையில் மனச்சோர்வு தாயின் உயிரையே பறிக்கக்கூடியது. பிரிட்டனில் பிரசவம் முடிந்த ஆறாவது வாரத்துக்கும் ஓராண்டுக்கும் இடையே நிகழும் நேரடித் தாய் மரணங்களில் தற்கொலையே முதல் காரணம் என்று அந்நாட்டின் மரண விசாரணை அறிக்கைகள் தொடர்ந்து சொல்லிவருகின்றன. தாய் மரணம் என்ற கணக்கு உலகெங்கும் பிரசவத்துக்குப் பின் 42 நாளோடு முடிந்துவிடுவதால் இத்தகைய சாவுகள் நம் கண்ணில் படுவதில்லை.

கடைசியாக நடைமுறை ஆட்சேபம். சோறில்லாத வீட்டில் போய் மனநலம் பேசுவதா, ஏற்கெனவே பதிவேடுகளின் சுமையில் திணறும் கிராம சுகாதாரச் செவிலியருக்கு இன்னொரு படிவமா? முதல் பாதிக்கு விடை மேலே வந்துவிட்டது. உணவுக்கு மாற்றாக ஆறுதல் வார்த்தை கொடுக்கச் சொல்லவில்லை. மினசோட்டா இளைஞர்களுக்குக் கலோரி தேவைப்பட்டது போல ரத்தசோகை உள்ள தாய்க்கு இரும்பும் பருப்பும் முட்டையும் வேண்டும். ஆனால் வீட்டுக்கு வந்து சேர்ந்த உணவு அவள் வாய்க்குப் போகிறதா என்பது உணவுத் திட்டத்துக்கு வெளியே உள்ள கேள்வி. எல்லாரும் சாப்பிட்டபின் மிஞ்சியதை உண்ணும் வழக்கமும், பத்தியம் என்ற பேரில் பாலூட்டுகிறவளுக்குக் காயையும் கீரையையும் மறுக்கும் வழக்கமும், பசியே எடுக்காத மனச்சோர்வும் சத்துமாவுப் பொட்டலத்தைப் பயனற்றதாக்கிவிடும். இரண்டாம் பாதி இன்னும் கவனத்துக்குரியது. கேள்வி கேட்டுவிட்டு, ஆம் என்று அழுகிற பெண்ணை எங்கே அனுப்புவது என்று தெரியாமல் நிற்பது கேட்காமலிருப்பதைவிடக் கொடுமை. ஆகவே வரிசை முக்கியம்: முதலில் ஒவ்வொரு வட்டாரத்திலும் பயிற்சி பெற்ற ஆலோசகர், தேவைப்பட்டால் மருத்துவர், அதன்பின் கேள்விகள். ராவல்பிண்டி காட்டியபடி அந்த ஆலோசகர் பெரிய பட்டம் பெற்றவராக இருக்க வேண்டியதில்லை. அந்த முறையை உலக சுகாதார நிறுவனம் 2015இல் கையேடாகவே வெளியிட்டிருக்கிறது.

புதிய சோதனையொன்றைத் திட்டத்துக்குள் கொண்டுவருவது நம்மால் முடியாத காரியம் இல்லை. 75 கிராம் குளுக்கோஸைக் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராமை எட்டுகிறதா என்று பார்த்துக் கர்ப்பகால நீரிழிவைக் கண்டறியும் எளிய சோதனையைச் சென்னை மருத்துவர் வி. சேஷையா முன்னெடுத்தார், சாப்பிட்டு வந்தவர்களுக்கும் அதைச் செய்யலாம் என்பதால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அது பொருந்தியது. இன்று மத்திய அரசின் வழிகாட்டுதலும் அந்த முறையைத்தான் சொல்கிறது. மனச்சோர்வுக்கும் அப்படியொரு எளிய கருவி 1987 முதல் இருக்கிறது. எடின்பரோ அளவுகோல் எனப்படும் அதில் பத்தே கேள்விகள். தமிழிலும் அது சரிபார்க்கப்பட்டிருக்கிறது. தாய் சேய் நல அட்டையில் ஹீமோகுளோபினுக்கும் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் பக்கத்தில் இதற்கும் ஒரு கட்டம் வேண்டும்; அந்தக் கட்டம் 42ஆம் நாளோடு முடியாமல் குழந்தையின் முதல் பிறந்தநாள் வரை நீள வேண்டும். கேட்பதற்கு ஆளையும் கேட்டபின் போவதற்கு இடத்தையும் ஏற்படுத்துவது அரசின் கடமை. குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் எடை எவ்வளவு என்று கேட்கும் வீட்டில், தாய் சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று கேட்டு அதற்கு வேண்டியதைச் செய்வது குடும்பத்தின் கடமை. இந்த இரண்டில் எதற்கும் அடுத்த ஆய்வு முடிவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.